வரப்புப் புலம்பல்: கோரையும் குறுஞ்செய்தியும்



போன இதழில் மயில்களைப் பற்றிப் புலம்பியதைப் படித்துவிட்டு, "புலம்பினா மயில் போயிருமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். போகாது ஐயா. ஆனால் புலம்புகிறவனுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசாகும். அதற்காகத்தான் ஆசிரியர் எனக்குப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார். இந்தத் தடவை மயில் மேலும் குற்றமில்லை, குரங்கு மேலும் குற்றமில்லை. குற்றவாளி என் சட்டைப் பைக்குள்ளேயே இருக்கிறது.

வாயில் கயிறு, பையில் போன்

ஆடிக்காற்று மேற்கு மலையிலிருந்து இறங்கிக் கோம்பையைப் புரட்டிக்கொண்டிருக்கும் காலம் இது. விடிந்தும் விடியாமலும் வாழைக்கு முட்டுக் கொடுக்கப் போயிருந்தேன். ஒரு கையில் சவுக்குக் கம்பு, இன்னொரு கையில் தார் தள்ளிய மரம், வாயில் கயிறு. அந்த நேரம் பார்த்துப் பைக்குள் 'டிங்' என்றது. வாழைத்தார் வியாபாரியாக இருக்கும், இன்றைக்காவது வெட்ட ஆள் அனுப்புகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, கம்பைத் தோளில் சாய்த்து, கயிற்றை வாயிலிருந்து எடுத்து, கையை வேட்டியில் துடைத்து, போனை எடுத்துக் கண்ணுக்கு எட்ட வைத்துப் பார்த்தால், "வாழ்த்துகள்! உங்களுக்கு 5 லட்சம் ரூபாய் கடன் தயார்!"

அதற்குள் கம்பு சரிந்து, முட்டுக் கொடுக்க வந்த மரத்தின் கழுத்திலேயே விழுந்தது. அந்தத் தாருக்கு அன்றைக்கு நான்தான் ஆடிக்காற்று.

வந்த ஆத்திரத்தில், ஒரு நாளைக்கு எத்தனை செய்தி வருகிறது என்று கணக்குப் பார்த்துவிடுவோம் என முடிவு செய்தேன். லீவுக்கு வந்திருந்த பேத்தியிடம் பால் கணக்கு நோட்டைக் கொடுத்து எழுதச் சொன்னேன். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வந்தது மொத்தம் 24. கடன் கொடுக்கிறேன் என்பது 9. சீட்டு விளையாடி லட்சாதிபதி ஆகலாம் என்பது 5. வீட்டுமனை வாங்கச் சொல்லி 4. போனுக்குப் பணம் போடச் சொல்லி 3. முடி வளர எண்ணெய் 1. 'மின்கட்டணம் கட்டவில்லை, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்' என்பது 1. பாக்கி ஒன்றே ஒன்று, சம்பந்தி வீட்டிலிருந்து 'காலை வணக்கம்' ரோஜாப்பூ.

அந்த மின்கட்டணச் செய்தியில்தான் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பேரில் இருப்பது தோட்டத்துப் பம்புசெட் இணைப்பு ஒன்றுதான். வீட்டு இணைப்பு இன்னும் எங்கய்யா பேரில் இருக்கிறது. விவசாயப் பம்புசெட்டுக்குத் தமிழ்நாட்டில் இலவச மின்சாரம். இலவசத்துக்கே பாக்கி வைத்த மகராசன் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் நான் ஒருத்தன்தான்.

எனக்கும் ஒரு ஈமெயில்

குறுஞ்செய்தியாவது தமிழில் வருகிறது, திட்டுவதற்கு வசதி. ஈமெயில் என்று ஒன்று இருக்கிறதே, அதில் பாதி என்ன பாஷை என்றே தெரியவில்லை.

புதுப் போன் வாங்கியபோது, ஈமெயில் முகவரி இல்லாமல் இது முழுசாக வேலை செய்யாது என்று கோயம்புத்தூரில் இருக்கும் மகன் ஒன்றை உண்டாக்கிக் கொடுத்தான். என் பேரில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்களாம். அதனால் பேருக்குப் பின்னால் நான் பிறந்த வருஷத்தை ஒட்டவைத்தான். இப்போது என் வயசு ஊருக்கே தெரியும்.

அந்த முகவரியை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. ஒரே ஒரு தடவை, ஒரு கண்காட்சியில் 'டிராக்டர் பரிசு' என்று கூப்பன் நிரப்பச் சொன்னார்கள். பேர், போன் நம்பர், ஈமெயில் எல்லாம் அழகாக எழுதிப் பெட்டியில் போட்டேன். டிராக்டர் இன்னும் வந்து சேரவில்லை. அதற்குப் பதிலாக, ஒரே வாரத்தில் எடை குறைக்க வழி சொல்லித் தினமும் கடிதம் வருகிறது. வாழைத்தார் சுமக்கிற எனக்கு இடுப்பில் வேட்டி நிற்பதே பெரிய பாடு. இன்னும் எதைக் குறைக்க? வெளிநாட்டில் இறந்துபோன ஒரு கோடீஸ்வரரின் சொத்துக்கு நான்தான் வாரிசு என்று இன்னொருவர் எழுதியிருந்தார். எங்கய்யா விட்டுப்போன நாற்பது சென்டுக்குப் பட்டா மாற்ற நான் நடந்த நடை அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்னை இந்த வேலைக்குக் கூப்பிட்டிருக்க மாட்டார்.

கீழே பொடி எழுத்தில், 'இனி வேண்டாம் என்றால் இங்கே அழுத்தவும்' என்று இருந்தது. அடடா, மரியாதை தெரிந்த ஆள் என்று நினைத்து அழுத்தினேன். மறுநாளிலிருந்து மூன்று வந்த இடத்தில் எட்டு வந்தது.

"ஏன் தாத்தா அமுக்குனீங்க? இந்த முகவரியில ஆள் இருக்காருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள் பேத்தி. அவளுக்கு வயசு பதினொன்று.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இது கோரை! கோரைப்புல்லை மேலே பிடித்து இழுத்தால் தழை மட்டும் கையோடு வரும். கிழங்கு உள்ளேயே இருக்கும். ஒரு கிழங்கிலிருந்து வேர்த்தண்டு ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து அடுத்தது என்று மணி கோத்த மாதிரி மண்ணுக்குள் சங்கிலியாகப் போகும். களைக்கொத்தால் அந்தச் சங்கிலியை வெட்டினால், அதுவரை தூங்கிக் கிடந்த கிழங்கெல்லாம் தனித்தனியாக முளைக்கும். ஒன்று இருந்த இடத்தில் ஐந்து. நாற்பது வருஷமாகக் கோரையோடு மல்லுக்கட்டுகிறவன், போனில் முளைத்த கோரையை அடையாளம் தெரியாமல் நுனியைப் பிடித்து இழுத்திருக்கிறேன்.

அதற்கப்புறம் வீம்பு வந்துவிட்டது. தினமும் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் திண்ணையில் உட்கார்ந்து, வந்த செய்தியை எல்லாம் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்தில் அழித்துவிடுவேன். யார் அனுப்பியது, என்ன எழுதியிருக்கிறது, எதையும் பார்ப்பதில்லை. களையெடுத்த வயலைப் பார்க்கிற மாதிரி அவ்வளவு திருப்தி. இந்தத் திருப்திக்கு என்ன விலை என்று பின்னால் சொல்கிறேன்.

நாய் இருக்கா?

செய்திதான் இப்படி என்றால், வருகிற அழைப்பு வேறு ரகம். வெளியூர்க்காரர் யாரிடமாவது 'கோம்பை' என்று ஊர்ப்பேரைச் சொல்லிவிட்டால் போதும். அடுத்த கேள்வி வாழை விலையோ மழை நிலவரமோ இல்லை. "கோம்பை நாய்க்குட்டி கிடைக்குமாண்ணே?" என்பதுதான். 2020 ஆகஸ்டில் பிரதமர் 'மனதின் குரல்' வானொலிப் பேச்சில் இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னியோடு கோம்பை நாயையும் பேர் சொல்லிப் பாராட்டினார். ஊருக்குப் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் என் வீட்டில் இருப்பது என்ன ஜாதி என்று அதற்கே தெரியாது. அது தபால்காரரைப் பார்த்துக் குரைக்கும். பேரன் பேத்தியைப் பார்த்துக் குரைக்கும். குரங்கு வந்து முருங்கையை ஒடிக்கும்போது மட்டும் மாட்டுக்கொட்டத்தில் படுத்துத் தூங்கும். பேர் புலி.

மூணு ஏக்கரும் மூணு சென்டும்

இனி வீட்டுப் புலம்பல். எனக்கு மூன்று ஏக்கர். இரண்டில் வாழை, ஒன்றில் மானாவாரியாகச் சோளமும் மொச்சையும். என் வீட்டம்மாவுக்குக் கொல்லைப்புறத்தில் மூன்று சென்ட். அதில் கத்தரி, அவரை, தக்காளி, சுரை, கீரை, இரண்டு முருங்கை, ஒரு கறிவேப்பிலை.

மூன்று ஏக்கர்க்காரன் உரத்துக்கும் கூலிக்கும் அலைகிறான். மூன்று சென்ட்டுக்காரி அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி, மாட்டுச்சாணத்தை மட்க வைத்துப் போட்டு, வேப்பங்கொட்டையை இடித்துத் தெளித்து, காசு செலவில்லாமல் காய் பறிக்கிறாள். பறித்ததில் வீட்டுக்குப் போக மிச்சத்தைத் தெருவில் விற்கிறாள். இதில் எனக்கு ஒரு எரிச்சல் உண்டு. தோட்டத்தில் நட ஒதுக்கி வைத்த நல்ல வரப்பு மண்ணையெல்லாம் சட்டி சட்டியாக அங்கே கொண்டுபோய்விடுவாள். என் மண்வெட்டி எப்போது தேடினாலும் கத்தரிச் செடிக்குப் பக்கத்தில்தான் கிடக்கும்.

"விவசாயம் பாக்குற வீட்டுல இது என்ன வெளையாட்டு?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"ஆமா, நீங்க பாக்குறது விவசாயம், நான் பாக்குறது வெளையாட்டு. ராத்திரி சோத்துக்கு அந்த விவசாயத்துல இருந்து ஒரு வெஞ்சனம் கொண்டாங்க பாப்போம்" என்றாள். வாழைப்பூ வைத்திருந்தேன். ஆனால் அதை ஆய்வது யார்? பேசாமல் இருந்துவிட்டேன்.

இன்னொரு எரிச்சல், காலண்டர். சுவரில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில் சாமி படத்தைத் தவிர எல்லா இடத்திலும் கிறுக்கியிருப்பாள். பால் லிட்டர், சிலிண்டர் வந்த நாள், மாடு சினைக்குப் போட்ட நாள், மகளிர் குழுத் தவணை, எனக்குப் புரியாத வட்டங்கள், புள்ளிகள். "எல்லாத்துக்கும் இப்பப் போன் இருக்கு. இதை ஏன் அசிங்கம் பண்றே?" என்பது என் நிரந்தரப் புலம்பல்.

தலைக்கு மேலே ஒரு சுற்றுலா

இப்படி இருக்கையில் மகன், மருமகள், பேத்தி எல்லாரும் லீவுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்காவது வெளியே போக வேண்டும் என்றார்கள். சுருளி அருவி என்றேன். போன தடவை போயாச்சாம். லோயர்கேம்பில் பென்னிகுக் மணிமண்டபம் என்றேன். அதுவும் பார்த்தாச்சாம். கடைசியில் மருமகள் போனில் படம் காட்டினாள். "மாமா, ராமக்கல்மேடு போவோமா? சூப்பரா இருக்கு."

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் கிணற்று மேட்டில் நின்று மேற்கே அண்ணாந்து பார்த்தால் தெரிகிற பாறைதான் ராமக்கல்மேடு. சீதையைத் தேடி வந்த ராமர் கால் வைத்த கல் என்பார்கள். மலையின் அந்தப் பக்கம் கேரளத்து இடுக்கி மாவட்டம். காகம் பறந்தால் கால்மணி நேரம். நமக்கு வழி? உத்தமபாளையம் போய், கம்பம் போய், கம்பம்மெட்டு ஏறி, தூக்குப்பாலம் சுற்றி, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போய், எங்கள் தலைக்கு மேலேயே வந்து நிற்க வேண்டும்.

காலை ஏழு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. ஏழுக்கு மகன் எழுந்தான். எட்டுக்கு ஆத்தா, "நானும் வாரேன்" என்றது. எண்பது வயசு. எட்டரைக்குப் புளிச்சோறு கட்டி முடித்தார்கள். ஒன்பதுக்கு, "வழியில ஹோட்டல்ல சாப்பிடலாமேம்மா" என்று மகன் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான். ஒன்பதரைக்கு வண்டி நகர்ந்தது. பத்தடி போய் நின்றது. வீட்டம்மா இறங்கி ஓடி, கத்தரிக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வந்தாள்.

கம்பம்மெட்டு வளைவுகளில் பேத்திக்கு வயிற்றைப் புரட்டியது. எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தோம். வீட்டம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, "இந்த வழியிலதான் கல்யாணத்துக்கு முந்தி ஏலத்தோட்டத்து வேலைக்கு வருவேன். விடியக்காலை நாலரைக்கே ஜீப்புல அடைஞ்சு ஏறுவோம். அப்பல்லாம் இதுக்குப் பேரு சுற்றுலா இல்ல" என்றாள். ஆத்தா அதையும் மிஞ்சியது. "நீயாவது ஜீப்பு. நாங்க கோம்பையில இருந்து நேரா நடந்தே மேலேறுவோம், தலையில சுமையோட." வண்டிக்குள் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பேத்திகூட வாந்தியை மறந்துவிட்டாள்.

மேலே போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. ஆளுக்கொரு சீட்டு வாங்கி, குறவன் குறத்தி சிலையைப் பார்த்துவிட்டு, பாறை விளிம்புக்கு வந்தோம். காற்று என்றால் அது காற்று! சும்மாவா அங்கே காற்றாலை நட்டிருக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 அடி உயரம். கீழே கிழக்கே பார்த்தால் மொத்தப் பள்ளத்தாக்கும் பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. எல்லாரும் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். என்னத்தைப் பார்க்கிறார்கள்? கோம்பையை! தேவாரத்தை! பண்ணைப்புரத்தை!

பைனாகுலர் வைத்திருந்த ஒருவர் ஆளுக்கு இருபது ரூபாய் என்றார். மகன் எல்லாருக்கும் கொடுத்தான். நான் என் தென்னை வரிசையைத் தேடினேன். வீட்டம்மா கொல்லைப்புறத்தைத் தேடினாள். ஆத்தாவிடம் கொடுத்தபோது அது கண்ணில் வைக்கவே இல்லை.

"ஏப்பா, நம்ம ஊரப் பாக்குறதுக்கு, நம்ம ஊர விட்டு இம்புட்டுத் தூரம் சுத்தி வந்து, துட்டு வேற குடுக்கணுமாக்கும்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் அடித்த காற்றில் தோளில் கிடந்த துண்டு கிளம்பி, விளிம்பைத் தாண்டி, கோம்பையைப் பார்த்துப் பறந்தது. அது ஒன்றுதான் அன்றைக்கு நேர் வழியில் ஊருக்குப் போனது.

குப்பைத்தொட்டிக்குள் ஒரு தேதி

பாறை மறைவில் உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தோம். போன் 'டிங்' என்றது. பார்க்காமலே அழித்தேன். அதைப் பார்த்த வீட்டம்மா திடீரென்று கேட்டாள்.

"என்னங்க, நாளைக்குத்தான பயிர்க்கடனுக்குக் கடைசி நாளு?"

"எந்தக் கடன்?"

"போன ஆடியில வாழைக்கு வாங்குனோமே. காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன்."

"அப்படி இருந்தா மெசேஜ் அனுப்பியிருப்பாங்களே. ஒண்ணும் வரல."

பேத்தி என் போனை வாங்கினாள். அழித்த செய்திகள் கொஞ்ச நாளைக்குக் குப்பைத்தொட்டி என்று ஒரு இடத்தில் கிடக்குமாம். அதற்குள் கையை விட்டுத் துழாவினாள். '5 லட்சம் கடன் தயார்' ஒன்று. அதற்குக் கீழே 'உடனடிக் கடன், ஆவணம் தேவையில்லை' ஒன்று. இரண்டுக்கும் நடுவில், கடன் வாங்கிய கூட்டுறவு இடத்திலிருந்து வந்த நிஜச் செய்தி. என் பேர், கணக்கு எண்ணின் கடைசி நாலு எண், பாக்கி 1,20,000 ரூபாய், கடைசித் தேதி திங்கட்கிழமை. வந்து நாலு நாள் ஆகியிருந்தது. அனுப்ப வேண்டியவர்கள் சரியாகத்தான் அனுப்பியிருக்கிறார்கள். கடன் தருகிறேன் என்று வந்த ஒன்பது பொய்யோடு சேர்த்து, கடனைக் கட்டு என்று வந்த ஒரு மெய்யையும் நான்தான் பிடுங்கிப் போட்டிருக்கிறேன்.

புளிச்சோறு தொண்டையில் நின்றது. விவசாயிகளுக்குத் தெரியும். கூட்டுறவில் வாங்கிய பயிர்க்கடனைத் தவணைத் தேதிக்குள் கட்டினால் வட்டி கிடையாது. தேதி தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும். ஏழு சதவீதம் என்று வைத்தால்கூட 1,20,000 ரூபாய்க்கு ஒரு வருஷத்துக்கு 8,400 ரூபாய். அதைவிடப் பெரிய கவலை, தவணை தவறியவன் என்ற பேரோடு அடுத்த கடனுக்குப் போய் நிற்பது.

வருகிற வழியெல்லாம் கணக்குத்தான். வளைவுகளில் பேத்திக்குப் பதிலாக எனக்கு வயிற்றைப் புரட்டியது. வாழை வியாபாரி கொடுத்த முன்பணம், வங்கியில் கிடந்தது, சட்டைப் பை, பெட்டி எல்லாம் கூட்டினால் 1,12,500. இன்னும் 7,500 வேண்டும். மகன், "நான் போட்டு விடுறேன்ப்பா" என்றான். சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் இருக்கிறது, வீட்டு வாடகை இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் வீட்டம்மா உள்ளே போனாள். அரிசிப்பானைக்குள் கையை விட்டு ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்து திண்ணையில் வைத்தாள். எல்லாம் பத்தும் இருபதும் ஐம்பதுமாக இருந்தது. எண்ணினோம். எட்டாயிரத்துச் சொச்சம்.

"ஏது இது?"

"வெளையாட்டுல ஜெயிச்சது" என்றாள்.

கத்தரிக்காய், முருங்கைக்காய், கறிவேப்பிலை விற்ற காசு. மகள் வயிற்றுப் பேரனுக்குக் காது குத்தும்போது கம்மல் எடுக்கச் சேர்த்ததாம். இது எனக்குத் தெரியாது. காலண்டரில் நான் கிறுக்கல் என்று சொன்ன புள்ளிகளெல்லாம் இந்தக் கணக்குத்தான்.

திங்கட்கிழமை கதவு திறக்கும்போதே போய் நின்று கட்டிவிட்டேன். ரசீதைக் கொண்டுவந்து வீட்டம்மாவிடம் கொடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. காலண்டரில் அந்த வட்டத்தை மட்டும் அடித்தாள். வாழைத்தார் வெட்டியதும் மஞ்சப்பைக்கு முதல் காசு. மண்வெட்டி இப்போது கத்தரிச் செடிக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. நான் தேடுவதில்லை.

நான் கற்றுக்கொண்டது, உங்களுக்கும்

களையில் பெரிய நட்டம், அது தின்கிற உரம் இல்லை. களையைப் பிடுங்குகிற வேகத்தில் பயிரையும் சேர்த்துப் பிடுங்குவதுதான். பேத்தி சொல்லிக்கொடுத்ததை அப்படியே தருகிறேன்.

நிறுவனங்கள் அனுப்பும் செய்தியில், அனுப்புகிறவர் பேருக்குப் பின்னால் ஒரு சிறு கோடு போட்டு ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். 2025 முதல் வந்த முறை இது. 'பி' என்றால் விளம்பரம், 'எஸ்' என்றால் சேவை, 'டி' என்றால் பணப் பரிவர்த்தனை, 'ஜி' என்றால் அரசாங்கம். 'பி' இருந்தால் தைரியமாகப் பிடுங்குங்கள். மற்ற மூன்றையும் படித்துவிட்டு அழியுங்கள்.

வங்கி, மின்வாரியம், பி.எம். கிசான் என்று சொல்லிக்கொண்டு சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வந்தால் நம்பாதீர்கள். செய்தியில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள், இணைப்பைத் தொடாதீர்கள். ஏ.பி.கே. என்று முடியும் கோப்பு எது வந்தாலும், கல்யாணப் பத்திரிகை என்று வந்தாலும் திறக்காதீர்கள். நிஜமான கல்யாணம் என்றால் தாம்பாளத்தோடு வீட்டுக்கு வருவார்கள்.

விளம்பரத் தொல்லை வேண்டாம் என்றால் 1909-க்கு அழைத்துப் பதிவு செய்யலாம். முழுசாக ஒழியாது, கோடை உழவு போட்ட மாதிரி கொஞ்சம் அடங்கும். பணம் பறிபோய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக, சுவரில் ஒரு காலண்டர் மாட்டுங்கள். கிறுக்க ஆள் இருந்தால் கிறுக்க விடுங்கள்.

வாசகர் கேள்வி

*"வீட்டுத்தோட்டத்து அவரையில் கறுப்பு அசுவினி அப்பிக் கிடக்கிறது. எறும்பும் ஏறுகிறது. மருந்துக் கடைக்குப் போகாமல் வழி உண்டா?" – சின்னமனூர்ப் பக்கமிருந்து ஒரு வாசகி.*

இதற்குப் பதில் சொல்லும் தகுதி மூன்று ஏக்கர்க்காரனுக்கு இல்லை. மூன்று சென்ட்டுக்காரி சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

எறும்பைக் கண்டால் அசுவினி இருக்கிறதா என்று பாருங்கள். அசுவினி கழிக்கிற இனிப்பு நீருக்காக எறும்பு வரும். அதற்குக் காவலும் இருக்கும். முதலில் அதிகமாக அப்பிய கொழுந்துகளைக் கிள்ளித் தூர எறியுங்கள். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பாதி உதிரும். பிறகு அரைக்கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் கட்டி, கொஞ்சம் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். காலையில் நன்றாகப் பிழிந்து வடிகட்டி, பத்து லிட்டராக்கி, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். வாரம் ஒரு தடவை, இரண்டு மூன்று வாரம். செடியில் பொறிவண்டு தெரிந்தால் விட்டுவிடுங்கள். அது அசுவினியைத் தின்னும்.

"எல்லாத்தையும் மொத்தமா அழிக்கக் கூடாது, பாத்துத்தான் அழிக்கணும்னு சேத்து எழுதுங்க" என்கிறாள். அசுவினியைத்தான் சொல்கிறாளா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த இதழில் பார்ப்போம்.